பிரேக் சாரும் இரண்டு புது டிஸ்க்கும்

பிரேக் சாருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. லைசென்ஸ் அட்டையில் அது அச்சாகியிருந்தது. அதைத் தாண்டி அந்தப் பெயருக்கு எங்கும் வேலை இல்லை. தெருவிலும் கடையிலும் அவர் பிரேக் சார்தான். நேரில் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடும் மாமனார்கூட, வெளி ஆட்களிடம் "எங்க பிரேக் சார்" என்றுதான் பேசுவார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அந்த மாதிரிக் கார்களில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில். இன்னொன்று, பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் வாத்தியாரின் காலடியில். ஸ்டியரிங்கைப் பிடிக்க எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். பக்கத்து இருக்கையில் மட்டும் ஆள் மாறவில்லை. அவருடைய வலது கால் அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, கடைசியில் மூளையிடம் கேட்காமலே மிதிக்கிற பக்குவத்துக்கு வந்துவிட்டது.

பஸ்ஸில் போனால் மிதிப்பார். முடிவெட்டுகிற கடையில் கத்தி காதுப் பக்கம் வந்தால் மிதிப்பார். சினிமாவில் கதாநாயகனின் கார் மலை வளைவில் திரும்பும்போது முன் சீட்டுக்காரர் முதுகில் ஒரு மிதி விழும். யாராவது மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனால் அவர் செருப்பு தரையில் 'சரக்' என்று அழுந்தும். பேசுகிறவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து நிறுத்திவிடுவார்.

அவர் மனைவி முதலில் அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவள்தான். காரில் ஆக்ஸிலரேட்டர் ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் அழகுக்கு வைத்தது என்று நம்புகிற ரகம். பள்ளம் வந்தாலும் ஆள் வந்தாலும் அவள் பாட்டுக்குப் போவாள்; பக்கத்தில் இவர் சத்தமில்லாமல் மிதித்துக்கொண்டே வருவார். தானே கச்சிதமாக நிறுத்துவதாக அவள் நினைத்துக்கொண்டாள். டெஸ்ட் அன்று கொடுத்த காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. லைசென்ஸ் அலுவலகத்துப் பூந்தொட்டி வரிசையைத் தாண்டி, வாட்ச்மேனின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். நல்லவேளை, வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.

"நீங்க ஒரு தடவையாவது என்னை பிரேக் போடச் சொன்னீங்களா?" என்று அவள் அன்றைக்கே சண்டைக்கு வந்தாள். "நான்தான் போட்டுட்டு இருந்தேனே" என்றார் இவர். அந்தச் சண்டை எங்கெங்கோ சுற்றிக் கல்யாணத்தில் போய்த்தான் நின்றது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் கார் பக்கம் போகவில்லை. வீடியோ எடுக்கப் போனாள். அடுத்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களை எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுப் படமாக்கிக் கொடுப்பது அவள் வேலை. வீட்டின் முன் அறை முழுக்க அவளுடையது. மேஜைமேல் அகலமான திரை. மேஜைக்கு அடியில், ஒரு சின்ன பீரோ மாதிரி கருப்பாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதற்குள் மூன்று பழைய ஹார்ட் டிஸ்க். அக்கம்பக்கத்துக் கல்யாணம் முழுக்க அந்த மூன்றுக்குள்தான் இருந்தது. அதில் மூத்தது வேலை செய்யும்போது 'கடக்… கடக்…' என்று தொண்டையைச் செருமும். அதற்கு அவள் வைத்த பெயர் பெரியப்பா. மற்ற இரண்டும் சித்தப்பாக்கள்.

பெரியப்பாவுக்கு ஞாபகசக்தி அபாரம். வேகம்தான் கிடையாது. ஒரு கல்யாணத்தைத் திறக்கச் சொன்னால், அவர் செருமி, யோசித்து, எடுத்துக் கொடுப்பதற்குள் இவள் துணி காயப்போட்டுவிட்டு வரலாம். ஒரு நாள் பொறுமை இழந்து, இரண்டு புது எஸ்.எஸ்.டி. வாங்கிவந்தாள். அதுவும் டிஸ்க்தான். ஆனால் உள்ளே சுற்றுவதற்கு எதுவும் இல்லாத, சத்தம் போடாத, வேகமான டிஸ்க்.

"அடுத்த வியாழக்கிழமை ரெண்டையும் ரெய்டுல போடப் போறேன்" என்றாள்.

மாமனார் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, குரல் ஓயவில்லை. கடைசி பிளாட்பாரத்தின் கடைசி ஆள்வரை எட்டுகிற அந்தக் குரலில், "என்னது! வியாழக்கிழமை நம்ம வீட்ல ரெய்டா?" என்றார்.

"அந்த ரெய்டு இல்லப்பா. ரெண்டு டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து ஓட வைக்கறதுக்கு அப்படி ஒரு பேரு."

"அதான் கேக்கறேன், வியாழக்கிழமை ரெய்டு நிச்சயம்தானே?"

மாடி வீட்டு ஜவுளி வியாபாரி அந்த நேரத்தில் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பி மேலே ஏறினார். மறுநாள் காலை குடும்பத்தோடு, கையில் ஒரு கனமான பெட்டியோடு, "சும்மா தங்கச்சி வீட்டுக்கு" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கீழ் வீட்டில் வேறு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ரெய்டு என்றால் என்ன என்று பிரேக் சார் கேட்டிருந்தார். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு கல்யாண வீடியோவை ரெண்டா பிச்சு, பாதி இதுல, பாதி அதுல எழுதும். ரெண்டும் ஒரே நேரத்துல எழுதறதால வேகம் ரெண்டு மடங்கு. அதுக்குப் பேரு ஸ்ட்ரைப்."

"அதாவது மாப்பிள்ளை இதுல, பொண்ணு அதுலயா?"

"அப்படி இல்லீங்க. பொடிப் பொடியா பிரிச்சு மாத்தி மாத்தி எழுதும்."

"சரி, ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா?"

"ரெண்டுமே போச்சு."

சோபாவுக்கு அடியில் 'சரக்' என்று சத்தம் கேட்டது. "பாதிக் கல்யாணமாவது மிஞ்சாதா?"

"மிஞ்சாது. கூழாயிடும்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. அதையே ரெண்டுலயும் முழுசா எழுதலாம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். அதுக்குப் பேரு மிர்ரர். ஆனா இடம் பாதிதான் கிடைக்கும், எழுதற வேகமும் கூடாது. அது வேண்டாம்."

பிரேக் சாருக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. இரண்டு பிரேக்! ஒன்று போனாலும் இன்னொன்று! இவ்வளவு அழகான ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஒரு டிரைவிங் வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. "அதையே போடலாமேம்மா" என்றார். "நான் ரெண்டு வாங்கினதே வேகத்துக்குத்தான்" என்று அவள் முடித்துவிட்டாள்.

முடிந்திருக்கும். ஆனால் நடுவில் பல் டாக்டரின் கல்யாணம் வந்தது.

பல் டாக்டர் பிரேக் சாரின் பழைய மாணவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும்; ஊசியைப் பிடித்தால் நடுங்காது. அவர் கல்யாணத்தை எடுக்க இவள்தான் போயிருந்தாள். மொத்தக் குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி, ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டு, "எல்லாரும் இன்னும் கொஞ்சம் பின்னாடி… இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே, தானும் ஒரு அடி பின்னால் வைத்தாள். பின்னால் ஸ்டூல் இல்லை. விழுகிறபோதும் கேமராவை மேலே தூக்கிப் பிடித்திருந்ததால் கேமரா பிழைத்தது. வலது கை பிழைக்கவில்லை. முழங்கைவரை மாவுக்கட்டு போட்டு, கழுத்தில் தொட்டில் கட்டி அனுப்பினார்கள்.

ஆக, வியாழக்கிழமை வேலைக்குக் கை தேவைப்பட்டது. அந்தக் கை பிரேக் சாருடையது.

காலையிலேயே அவர் லீவு போட்டுவிட்டு, கார் ஓட்டும்போது போடும் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல கையுறையைக் கழட்டுங்க. நேரா உக்காருங்க. நான் சொல்லாம எதையும் தொடக் கூடாது."

"சரிம்மா."

"ஸ்க்ரூ டிரைவரை ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கறீங்க? அது ஓடிப் போயிடாது. லேசா பிடிங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துல இருக்கேன்ல."

பிரேக் சார் இந்த வாக்கியங்களை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தார். எல்லாம் அவர் சொந்த வாக்கியங்கள். இத்தனை வருஷமாக இவற்றைக் கேட்டுக்கொண்டு ஓட்டியவர்கள் எப்படிக் கொலை செய்யாமல் இருந்தார்கள் என்று முதல்முறையாக ஆச்சரியப்பட்டார்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார்கள். உள்ளே தூசி பஞ்சுமெத்தை மாதிரி படிந்திருந்தது. அதைத் துடைத்தால், மாமனார் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒற்றைக் கம்மல் கிடைத்தது. அது மாமியாருடையதாம், அவர் போனபிறகு இவர் பத்திரமாக வைத்திருந்ததாம். பத்திரமாக வைத்த இடம் கம்ப்யூட்டரின் காற்றுத் துளை. "உண்டியல்னு நினைச்சேன்" என்றார் மாமனார், அடக்கமாக. அதாவது தெருமுனைவரை கேட்கும்படி.

புது டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்ததும் பிரேக் சார் முகம் மாறியது. காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"ஆட்டாதீங்க!"

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையேம்மா. கடைக்காரன் காலி டப்பாவைக் குடுத்துட்டான்."

"அது அப்படித்தாங்க இருக்கும். உள்ள சுத்தறதுக்கு ஒண்ணும் கிடையாது."

"சுத்தலைன்னா எப்படி ஓடும்?"

"ஓடறதுக்கு அது என்ன உங்க காரா? உள்ள தள்ளுங்க."

பழைய மூன்றும் இருந்த அடுக்குக்கு மேலே, காலியாக இருந்த இடத்தில் இரண்டையும் தள்ளித் திருகினார். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் போன ஸ்க்ரூ டிரைவரும் விழுந்தது. இரண்டையும் எடுக்கப் பெட்டியைக் கவிழ்த்தபோது, ஏற்கனவே யாரோ எப்போதோ தொலைத்த வேறு மூன்று ஸ்க்ரூ லாபமாகக் கிடைத்தது. டேட்டா வயர் ஒன்று, கரண்ட் வயர் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் மாட்டினார். பெரியப்பா, சித்தப்பாக்கள் வயரில் கை படாமல், அவர்களைச் சுற்றிக்கொண்டு போன பாங்கைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வரும் செட்டிங் பக்கத்துக்குப் போய், டிஸ்க்குகள் தனித்தனியாக ஓடுகிற முறையை 'ரெய்டு' என்று மாற்றச் சொன்னாள். மாற்றினார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. திரை முழுக்க நீலம். நடுவில் பெரிதாக, வாய் கோணிய ஒரு அழுமூஞ்சி.

"மாப்பிள்ளை, அதை என்ன சொன்னீங்க? அழுவுதே" என்றார் மாமனார்.

"நான் ஒண்ணும் சொல்லலை மாமா!"

"பதறாதீங்க" என்றாள் அவள். "இது நான் எதிர்பார்த்ததுதான். சட்டுனு முறையை மாத்தினதும் அதுக்கு வழி தெரியலை. ரிவர்ஸ் எடுங்க."

ரிவர்ஸ் என்று கேட்டதும் அவருக்குத் தெம்பு வந்தது. பழையபடி மாற்றினார். அவள் சொன்னபடி, அடுத்த தடவை எழும்போது அவசியமான சாமான்களோடு மட்டும் எழுந்தால் போதும் என்று அதற்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்து, மறுபடி 'ரெய்டு' போட்டார். இந்தத் தடவை அழாமல் எழுந்தது. அழைத்தால் வருகிறது, சொன்னால் கேட்கிறது. பிரேக் சாருக்கு அந்தப் பெட்டிமேல் லேசான பிரியமே வந்துவிட்டது.

இனி கடைசி வேலை. ரெய்டுக்கென்று இருக்கும் பக்கத்தைத் திறந்தார். ஐந்து டிஸ்க்கும் வரிசையாகத் தெரிந்தன.

"இந்த லிஸ்ட்ல மேல இருக்கற மூணும் பழசு. அதுல கை வைக்கவே கூடாது. கீழ இருக்கற ரெண்டை மட்டும்…" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பல் டாக்டர். கல்யாணம் ஆனதிலிருந்து தினமும் ஒரு தடவை, "மேடம், வீடியோ?" என்று கேட்கிறார். அறைக்குள் சிக்னல் கிடைக்காது. "ரெண்டை மட்டும் டிக் பண்ணி வைங்க, வந்துடறேன்" என்று அவள் வாசலுக்குப் போனாள்.

பிரேக் சார் கீழே இருந்த இரண்டை மட்டும் டிக் செய்தார். மூன்று தடவை சரிபார்த்தார். அடுத்த பக்கம் தானாக வந்தது. அதில் இரண்டே வார்த்தைகள். மேலே ஸ்ட்ரைப். கீழே மிர்ரர்.

அவர் கெட்டவர் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷமாக, காரில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்கிற முதல் வார்த்தை "மிர்ரர் பாரு" என்பதுதான். அந்த வார்த்தை திரையில் வந்து நின்றால் ஒரு மனிதன் என்ன செய்வான்? பார்த்தார். பார்த்த இடத்துக்கு விரல் போயிற்று. 'உருவாக்கு' என்று இன்னொரு பொத்தான் இருந்தது. அதையும் விரல்தான் பார்த்துக்கொண்டது.

அவள் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே முடிச்சிட்டீங்களா? பரவாயில்லையே!" என்றவள், திரையைப் பார்த்தாள். இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து ஒன்றாகத் தெரிந்தது. அளவைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"மிச்சம் எங்கங்க?"

"எது மிச்சம்?"

"ரெண்டு டிஸ்க் போட்டோம். ஒரு டிஸ்க் அளவுதான் காட்டுது."

"புதுசு இல்லையா… போட்ட உடனே கொஞ்சம் சுருங்கும்."

"சுருங்கறதுக்கு அது என்ன பருத்திச் சட்டையா?"

பிரேக் சார் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான ஒன்றைத் தேடினார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்துக்குப் பொய் வராது. காது மட்டும் சிவக்கும். சிவந்தது.

"மிர்ரர் போட்டீங்களா?"

"விரல் போட்டுருச்சு."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. ஒரே நாற்காலி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அவரை அதை அழிச்சிட்டு மறுபடி போடச் சொல்லுங்க" என்றாள். மாமனாருக்கு எத்தனையோ காலத்துக்குப் பிறகு உத்தியோகம் கிடைத்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கனிவான கவனத்திற்கு! மிர்ரர் செய்யப்பட்டது ரத்து செய்யப்படுகிறது. அதற்குப் பதிலாக ஸ்ட்ரைப் இயக்கப்படும். சிரமத்திற்கு வருந்துகிறோம்."

"வருந்தலைன்னு சொல்லுங்கப்பா."

"திருத்தம்! வருந்தவில்லை."

பிரேக் சார் பேசாமல் அழித்தார், பேசாமல் ஸ்ட்ரைப் போட்டார். இப்போது அளவு முழுசாக வந்தது. அவள் முகம் கொஞ்சம் இளகியது. பெரியப்பாவிடம் இருக்கும் பல் டாக்டர் கல்யாணத்தைப் புது டிஸ்க்குக்குக் கொண்டுவரச் சொன்னாள். நேராக அவரிடமே சொன்னாள், மாமனாருக்குத்தான் ஏமாற்றம்.

பெரியப்பா செருமினார். அவரால் முடிந்த அளவு மெதுவாக எடுத்துக் கொடுத்தார். "இது அவர் வேகம்" என்றாள் அவள். "இப்ப பாருங்க. வந்ததை இதுக்குள்ளயே இன்னொரு இடத்துக்குக் காப்பி பண்ணுங்க. அப்பத்தான் இதோட வேகம் தெரியும்."

செய்தார். பச்சைக் கோடு ஒரு மூச்சுவிட்டது. பிறகு பாய்ந்தது. பக்கத்தில் காட்டிய வேகம் ஏறிற்று, இன்னும் ஏறிற்று, வாழ்நாளில் எந்த மீட்டரிலும் பிரேக் சார் பார்த்திராத உயரத்துக்குப் போயிற்று. எதிரே சுவர்மாதிரி திரை. அதை நோக்கி ஒரு முழுக் கல்யாணம், மாப்பிள்ளை, பொண்ணு, இரண்டு வீட்டுச் சொந்தபந்தம், அத்தனை பேரும் தலைதெறிக்க வந்துகொண்டிருந்தார்கள்.

வலது கால் மிதித்தது.

மேஜைக்கு அடியில், சரியாக அந்த இடத்தில்தான், எல்லா வயரும் போய்ச் சேரும் பிளக் பலகை இருந்தது. அதன் சிவப்பு ஸ்விட்ச் 'டக்' என்றது. திரை கறுத்தது. பெட்டி நின்றது. பெரியப்பா கடைசியாக ஒரு 'கடக்' சொல்லிவிட்டு அடங்கினார்.

மாமனார் மடித்து வைத்த பேப்பரை மறுபடி விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பிரேக் சார்.

அவள் இருண்ட திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மிர்ரரை நினைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "போச்சு" என்றாள்.

"எது?"

"கல்யாணம்."

அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை. எழுந்தார். சட்டையை மாற்றிக்கொண்டார். "நான் போய் அவர்கிட்ட நேர்ல சொல்லிடறேன். நம்ம தப்பை நாமதான் சொல்லணும்" என்று செருப்பை மாட்டினார். அவள் அவரைத் தடுக்க வாயைத் திறந்தாள். பிறகு, தெருமுனைவரை போகட்டும், போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டாள். அவர் போனை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனதை அப்புறம்தான் பார்த்தாள்.

பல் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி இருந்தது. போகிற வழியெல்லாம் பிரேக் சார் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். 'டாக்டர், உங்க கல்யாணம் நடந்ததுக்கு இனிமே சாட்சி இல்லை.' வேண்டாம், பயந்துவிடுவார். 'டாக்டர், அதே சட்டை, அதே ஆளுங்க, இன்னொரு தடவை நின்னா நல்லா இருக்கும்.' இதுவும் சரிப்படவில்லை.

கதவைத் தள்ளியதும் டாக்டரே எதிரே வந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சார்! நீங்களா! கடைசில வந்துட்டீங்களா! அந்தக் கடைவாய்ப் பல் ஆடுதுன்னு கல்யாணத்தன்னிக்கே பார்த்தேன். நீங்க லட்டை ஒரு பக்கமாவே மென்னுட்டு இருந்தீங்க."

"இல்ல டாக்டர், நான் வந்தது…"

"தெரியும் சார், பயம். எனக்கு உங்க காரைப் பார்த்தா வராத பயமா? உக்காருங்க."

உட்காரவைத்துவிட்டார். நாற்காலி தானாகப் பின்னால் சாய்ந்தது. கண்ணுக்கு நேரே விளக்கு.

"டாக்டர், உங்க கல்யாணம்…"

"ஆ காட்டுங்க."

"உங்க கல்யா…"

"பெருசா. அப்படித்தான். அப்படியே வச்சுக்குங்க."

வாயில் ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி, உறிஞ்சுகிற குழாய் ஒன்று என்று எல்லாம் வந்து சேர்ந்தன. "ஹங்ஹ ஹல்ஹாணம் ஹோச்சு" என்றார் பிரேக் சார்.

"ஆமா சார், கல்யாணம் ஆயிடுச்சு. வாழ்க்கை நல்லா போகுது. வீடியோ வந்துட்டா இன்னும் நல்லா இருக்கும். மெதுவா மூச்சு விடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்ல."

பிரேக் சார் காலால் மிதித்தார். காற்றில் மிதித்தால் என்ன நிற்கும்? எதுவும் நிற்கவில்லை. ஊசி வந்தது. மரத்துப்போயிற்று. ஒரு இழுப்பு. தட்டில் 'டிங்' என்று பல் விழுந்தது.

"அவ்வளவுதான்! உங்ககிட்ட நான் கத்துக்கிட்டது இதான் சார், பதட்டப்படாம நிதானமா செய்யறது" என்று டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாயில் பஞ்சைத் திணித்து, சாயங்காலம்வரை பேசக் கூடாது என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். சொல்ல வந்த விஷயம் வாய்க்குள் பஞ்சுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

வீங்கிய கன்னத்தோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, முன் அறையில் பல் டாக்டர் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சிரித்தார். பொண்ணு சிரித்தாள். எல்லோரும் முழுசாக இருந்தார்கள்.

பிரேக் சார் திரையைக் காட்டினார். வாயைக் காட்டினார். மறுபடி திரையைக் காட்டினார்.

அவள் ஓடிவந்து கன்னத்தைப் பிடித்தாள். "ஐயோ, என்னங்க இது! அவரு அடிச்சிட்டாரா?"

அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த பல்லை எடுத்துக் காட்டினார். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியாமல் மாவுக்கட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அதே மூச்சில் மன்னிப்பும் கேட்டாள்.

"காப்பிதாங்க எடுத்தோம். அசல் பெரியப்பாகிட்டயேதான் இருக்கு. புதுசு ரெண்டும் வேலை பார்க்கற இடம், அவ்வளவுதான். பத்திரப்படுத்தற வேலை பழைய மூணு பேரோடது. தினமும் முடிச்சதை அவங்ககிட்ட ஒரு காப்பி குடுத்துடுவேன். புதுசுல ஒண்ணு போனாலும் அன்னிக்குப் பார்த்த வேலைதான் போகும். நான் அவ்வளவு யோசிக்காமலா ஸ்ட்ரைப் போடுவேன்?"

பிரேக் சாருக்குச் சொல்ல நிறைய இருந்தது. முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் மிர்ரரும் போட்டிருக்க மாட்டேன், பல்லும் இருந்திருக்கும் என்று ஒரு நீளமான பேச்சே தயாராக இருந்தது. "ஹ்ம்" என்று மட்டும் சொன்னார்.

"மாப்பிள்ளையின் பல் ஒன்று வழித்தடத்திலிருந்து நீக்கப்பட்டது" என்று மாமனார் அறிவித்தார். அதைக் கேட்டு, ரெய்டு முடிந்ததா என்று பார்த்துவிட்டுப் போக வந்த மாடி வீட்டுக்காரர், பல்லைப் பிடுங்குகிற அளவுக்கா விசாரிக்கிறார்கள் என்று அரண்டு, வாசலோடு திரும்பிப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார்.

மாவுக்கட்டு பிரிக்க நாளாகும் என்பதால், படத்தை வெட்டி ஒட்டுகிற வேலையும் பிரேக் சார் கைக்கே வந்தது. காலை நாற்காலிமேல் சம்மணம் போட்டு மடக்கி வைத்துக்கொண்டால்தான் மௌஸைத் தொடலாம் என்பது நிபந்தனை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க வெட்டுங்க, அடுத்தது" என்பாள். புது டிஸ்க் இரண்டும் கேட்டதை நொடியில் கொடுத்தன. தாமதம் முழுக்க இவருடையது.

"வெட்டுங்கன்னா!"

"அந்த மாமா இப்பத்தான் உள்ள வரார். உக்காரட்டும்."

"அவர் யாருன்னே நமக்குத் தெரியாது."

"அவங்களுக்குத் தெரியுமே."

யாரும் பாதிச் சிரிப்பில் அறுபடக் கூடாது, யாரும் பாதி வழியில் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. அவள் முதல் நாள் சண்டை போட்டாள். இரண்டாம் நாள் பல் போன கன்னத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தாள். படம் அவள் வழக்கமாகக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு நீளமாக வந்தது. கொடுத்துவிட்டுப் போனை அணைத்து வைத்தாள்.

அணைத்து வைத்ததால், டாக்டரின் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். வந்தவர் இவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனையோ கல்யாணப் படம் பார்த்திருக்கேன்மா. கண் சிமிட்டினா ஆள் போயிடும். இதுலதான் ஒவ்வொருத்தரையும் நின்னு பார்க்க முடிஞ்சுது. எங்க அண்ணன் உள்ள வந்து, செருப்பைக் கழட்டி, உக்கார இடம் தேடி, வேர்வையைத் துடைச்சு… அப்படியே அவர்தான்! ரெண்டு தடவை போட்டுப் பார்த்தோம்."

அவர் போய், தன் தங்கையிடம் சொன்னார். தங்கை சம்பந்தி வீட்டில் சொன்னார். அடுத்த கல்யாணத்துக்கு வந்தவர்கள், "மேடம், அந்த நிதானமான படம் மாதிரியே வேணும்" என்றார்கள். வேகத்துக்காக அவள் வாங்கிப் போட்ட புது டிஸ்க் இரண்டும் மேஜைக்கு அடியில் சத்தமில்லாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. மாவுக்கட்டு பிரித்த பிறகும், லீவு நாட்களில் அந்த நாற்காலி பிரேக் சாருக்கு என்று ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமைகூட அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில், முன்பின் தெரியாத ஒரு அத்தை கதவருகே நின்று யாரையோ பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"போதும், வெட்டுங்க" என்றாள் அவள்.

"இரும்மா" என்றார். "அந்தம்மா இன்னும் சிரிச்சு முடிக்கலை."